முடிச்சூரில் ஈரமாக வந்த மெயில்கள்

முடிச்சூர் அமுதம் காலனியின் மெயில் சர்வரில் 2015 வெள்ளத்தன்று சிக்கிக்கொண்ட மெயில்கள், பல வருடம் கழித்து உரியவர்களிடம் ஈரமாகவே போய்ச் சேர்ந்தன. திறந்தவர்களின் போன்களிலிருந்து சேறு கலந்த அடையாற்றுத் தண்ணீர் சொட்டியது. நாவலூர் ஆபீஸில் மெயிலைத் திறந்த ஒருவர், மேஜையைக் கர்ச்சீப்பால் துடைத்துவிட்டு மீட்டிங்குக்குப் போனார். போன் எதுவும் கெட்டுப்போகவில்லை என்பதால் யாரும் புகார் சொல்லவில்லை.

அந்தக் காலத்தில் காலனி பெயரில் சொந்த மெயில் முகவரி வைத்திருப்பது பெரிய கௌரவம். வாட்ஸ்அப் வந்து அதை விழுங்கிவிட்டது, அது தனி வருத்தம். வெள்ளம் வடிந்ததும் சங்கச் செயலாளர் ஷ்யாம்சுந்தர், சர்வரின் ஹார்ட் டிஸ்க்கை ஈரம் போகட்டும் என்று அரிசி டிரம்மில் புதைத்தார். அரிசி மாறிக்கொண்டே இருந்தது, டிஸ்க் அங்கேயே கிடந்தது.

அதை எழுப்பச் சொல்லிக் கேட்டவர் அபிதகுஜாம்பாள் மாமி, ஓய்வுபெற்ற கணக்கு டீச்சர். வெள்ளத்தின்போது பெண்ணின் பிரசவத்துக்காக அமெரிக்காவில் இருந்தார். கணவர் ஸ்ரீநிவாசன் இங்கே மாடியில் தனியாக. ஒரே ஒரு தடவை போன் கிடைத்தது. "கரண்ட் போறதுக்குள்ள எல்லாத்தையும் மெயில்ல எழுதிட்டேன், பாரு" என்றார், லைன் அறுந்தது. தண்ணீர் வடிந்த வாரமே மாரடைப்பில் போய்விட்டார். கடைசியாக என்ன எழுதினார் என்று தெரியாமலே மாமி சமைத்தார், சாப்பிட்டார், பேரனுக்கு வாய்ப்பாடு சொல்லித்தந்தார். அந்தத் தவிப்பு மட்டும் ஆறவே இல்லை.

பொத்தேரி இன்ஜினியரிங் காலேஜில் படித்து, மெயில் சர்வர் பராமரிப்பையே பிழைப்பாக்கிக்கொண்ட ஜென்சி வந்தாள். டிஸ்க்கை மாட்டிவிட்டுக் காபி குடிக்கப் போனாள். அன்று சனிக்கிழமை. ஒன்பது மணிக்கு ராகு காலம் தொடங்கிவிடும் என்று ஷ்யாம்சுந்தர் தேங்காய் உடைத்து, குங்குமம் வைத்து, சுவிட்சைப் போட்டுவிட்டார். ஐந்து நாளுக்கு மேல் தேங்கிய மெயிலை அனுப்பியவருக்கே திருப்பிவிடுவது சர்வர்களின் வழக்கம். அப்படித் திரும்பியவை ஓர் எழுத்தும் இல்லாமல், காய்ந்து வெளுத்து வந்தன. அனுப்பியவர் உயிரோடு இல்லாத மெயிலுக்குத் திரும்பிப் போகவும் இடமில்லை, அது அழிந்தே போகும்.

"அங்கிள், மொதல்ல ஒயர புடுங்குங்க" என்றாள் ஜென்சி, வாசலிலிருந்தே.

"நல்ல நேரத்துலதாம்மா போட்டேன்."

பிறகு அவள் மிச்சமிருந்த மெயில்களை வேறொரு டிஸ்க்கில் நகலெடுத்து, மூலத்தைத் தனியே எடுத்து வைத்தாள். ஐந்து நாள் கெடுவை வருடக்கணக்கில் நீட்டினாள். எல்லாவற்றையும் நிறுத்திவைத்து, ஒவ்வொன்றாக விட்டாள். பக்கத்துப் பிளாஸ்டிக் நாற்காலியில் மாமி போனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஸ்ரீநிவாசன் பெயர் வந்ததும் ஜென்சி துண்டை நீட்டினாள்.

"அபிதா, தண்ணி மாடிப்படி ஏற ஆரம்பிச்சுடுத்து. எனக்கு ஒண்ணும் இல்லை, நீ கவலைப்படாதே. குழந்தைக்கு உன் மூக்கா, என் மூக்கா? போட்டோ அனுப்பு. ரசப்பொடிய எங்க வெச்சிருக்க? தேடித் தேடி அலுத்துட்டேன்."

மாமி அழுதார். "இதுக்கா இத்தனை வருஷம்" என்று அவரைத் திட்டினார். பிறகு பேரனின் படத்தைச் சேர்த்துப் பதில் எழுதினார்: "உங்க மூக்குதான். பொடி மேல்தட்டுல, ஹார்லிக்ஸ் பாட்டில்ல இருக்கு."

அந்த முகவரியை மூடி வருடங்கள் ஆயிற்று, மெயில் திரும்பிவிடும் என்று சொல்ல ஜென்சிக்கு மனம் வரவில்லை. மெயில் திரும்பவும் இல்லை. மறுநாள் பாட்டிலில் இரண்டு ஸ்பூன் பொடி குறைந்திருந்தது. மாமி மிளகும் தனியாவும் வறுத்து, புதிதாக அரைத்து நிரப்பி வைத்தார்.