வழியில் இருக்கும் ஊர்

குவைத்தில், அப்பாசியாவில் நாங்கள் எட்டுப் பேர் குடியிருந்த பிளாட்டில் எனக்கு லண்டன் மைதீன் என்று பெயர். கேலிப் பெயர்தான். அதிராம்பட்டினத்தை விட்டால் பம்பாய், பம்பாயை விட்டால் குவைத், அதற்கு மேல் ஓர் ஊரையும் நான் பார்த்ததில்லை. ஆனால் கோடைக்கு லண்டன் போகிற குவைத்திக் குடும்பங்களுக்கு, அங்கிருந்து காலையில் கிளம்பி இருட்டுவதற்குள் திரும்புகிற வெளியூர்ப் பயணங்களைப் போட்டுக் கொடுப்பது டிராவல் ஏஜென்சியில் என் டியூட்டி. எந்த ஸ்டேஷனில் எத்தனை மணி ரயில், எந்தத் தெருவில் ஹலால் சாப்பாடு எல்லாம் டைம்டேபிளையும் மேப்பையும் வைத்தே சொல்லிவிடுவேன். நான் எழுதிக் கொடுத்து ஒரு குடும்பமும் ரயிலைத் தவறவிட்டதில்லை. அந்தத் தலைக்கனம் எனக்கு நிறையவே இருந்தது.

தொண்ணூற்று நான்கு ஜூலையில் ஒரு மேடம் மூன்று பிள்ளைகளோடு வந்தார். அவர் மேனேஜர் அறைக்குள் போனதும், பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள வந்த வீட்டு வேலைக்காரப் பெண் என் மேஜைக்கு வந்து நின்றாள்.

"நீங்கள் தமிழோ தம்பி?"

பெயர் தவமலர். வவுனியாக்காரி. என்னைவிட ஐந்தாறு வயது மூத்தவள். கையில் கொழும்பிலிருந்து தங்கை எழுதிய கடிதம்.

"என்ர மகன் ரூபன் இங்கிலாந்துக்கு அகதியாப் போய் ஆறு வருசம். இப்ப கிட்னி ரெண்டும் பழுதாப் போச்சாம். லண்டனுக்குக் கிட்ட ரெடிங் எண்ட ஊரிலை, பெரியாஸ்பத்திரியிலை வச்சிருக்கினமாம். அவனோட இருக்கிற பொடியன் தங்கச்சிக்கு ஃபோனிலை சொன்னவன். மேடம் என்னையும் லண்டனுக்குக் கூட்டிக்கொண்டு போறா. கேட்டுப் பார்த்தனான். போற வழியிலை இருந்தா ஒரு மணித்தியாலம் விடுறன், அதுக்கெண்டு ஒரு நாளைக் கெடுக்க ஏலாது எண்டு சொல்லிப்போட்டா. வழியிலை இருக்கோ எண்டு பாருங்கோ தம்பி."

மேடம் கேட்டிருந்த ஊர்கள் மூன்று: விண்ட்சர், ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ். மேப் புத்தகத்தின் கடைசிப் பக்கங்களில் ஊர்ப் பெயர் வரிசையில் ரெடிங் என்று தேடினேன். இல்லை. ரெட்ஹில் இருந்தது. லண்டனுக்குத் தெற்கே, பிரைட்டன் கடற்கரைக்குப் போகிற சாலையில். எனக்குப் புரிந்துவிட்டது. ஃபோனில் காதால் கேட்டு எழுதியவர்கள் ஹில்லை இங் ஆக்கிவிட்டார்கள். இதைக்கூடக் கண்டுபிடிக்காவிட்டால் நான் என்ன லண்டன் மைதீன்?

"ஊர் பேரு ரெட்ஹில்லுக்கா. உங்க தங்கச்சி தப்பா எழுதியிருக்காங்க. நான் வழியில வர்ற மாதிரி போட்டுத் தர்றேன், கவலப்படாதீங்க" என்றேன். தவமலர் இரண்டு கைகளையும் கூப்பினாள்.

மேடம் வெளியே வந்ததும் பேச்சுக் கொடுத்தேன். ஆக்ஸ்போர்டில் பழைய கட்டடமும் மழையும்தான், பிள்ளைகள் சலித்துப் போவார்கள், அதை எடுத்துவிட்டு பிரைட்டனைப் போடலாம் என்று பார்த்து வந்தவன் மாதிரி அளந்தேன். "கடல் இங்கேயே இருக்கிறது. அதைப் பார்க்க லண்டன் வரை போவார்களா?" என்று மேடம் அரபியில் கேட்டார். ராட்டினம், ஐஸ்கிரீம், குளிர்ந்த காற்று என்று அடுக்கினேன். கடைசியில் "கலாஸ்", சரி அப்படியே முடி, என்றார். ஆக்ஸ்போர்டு ரயிலை அடித்துவிட்டு, பிரைட்டனுக்கு வேன், ரெட்ஹில்லில் ஒரு மணி நேரம் ஓய்வு என்று டைப் செய்தேன். அன்று சாயங்காலம் பிளாட்டில் எல்லோரிடமும் சொல்லிப் பீற்றிக்கொண்டேன். "இனிமே உன்ன லண்டன் மந்திரின்னுதான் கூப்பிடணும்" என்றான் கௌஸ் முகம்மது.

செப்டம்பர் நடுவில் தவமலர் மறுபடி வந்தாள். இந்த முறை தனியாக. மேடத்தின் டிரைவர் கீழே காரில் இருந்தான்.

"நீங்கள் சொன்னபடி வேன் நிண்டது தம்பி. ஆஸ்பத்திரிக்கு ஓடிப்போய்க் கேட்டன். ரூபன் எண்டு ஒருத்தரும் இல்லை எண்டிட்டினம். வேற இடத்துக்கு மாத்திப்போட்டினமாக்கும் எண்டு திரும்பி வந்திட்டன். இன்னொருக்காப் போக மேடம் விடேல்லை. அதுக்குப் பிறகு பத்து நாளிலை..."

கொழும்பிலிருந்து வந்த கவரை என் முன் வைத்தாள். உள்ளே மரணச் சான்றிதழின் நகல்.

"எந்த ஊரிலை வச்சிருந்தவை எண்டு வாசிச்சுச் சொல்லுங்கோ."

வாசித்தேன். புத்தகம் படிப்பதற்கு இங்கிலீஷில் ரீடிங் என்று எழுதுவோமே, அதே எழுத்துக்கள். அந்த ஊரை மேப்பில் நூறு தடவை பார்த்திருக்கிறேன். ரீடிங் என்றே மனதுக்குள் சொல்லியும் இருக்கிறேன். வெள்ளைக்காரன் அதை ரெடிங் என்று சொல்வான் போலிருக்கிறது. எனக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள்? தங்கை சரியாகத்தான் எழுதியிருந்தாள். லண்டனிலிருந்து அரைமணி நேரம். ஆக்ஸ்போர்டு ரயில் அங்கே நின்றுதான் போகும். நான் வாயை மூடிக்கொண்டு மேடம் கேட்டதை மட்டும் டைப் செய்திருந்தால், அந்தத் தாய் மகனைப் பார்த்திருப்பாள்.

"இது வேற ஊரோ தம்பி? நாங்கள் போன வழியிலை இருக்கோ?"

"இல்லக்கா" என்றேன். அது உண்மை. அதோடு நிறுத்தியிருக்கலாம். "ரொம்பத் தூரம்" என்றும் சொன்னேன்.

அவள் நீளமாக மூச்சு விட்டாள். "அப்ப நான் என்ன செய்திருந்தாலும் பார்த்திருக்கேலாது, என்ன?"

"முடியாதுக்கா."

"தங்கச்சி ஏசி எழுதியிருக்கிறா. அவ்வளவு கிட்டப் போயும் பெத்த பிள்ளையைப் பாராமல் வந்தனியோ எண்டு. நான் சொன்னா நம்பமாட்டா. உங்கட ஆபீஸ் கடதாசியிலை ஒரு வரி எழுதித் தாங்கோ. வழி தெரிஞ்ச ஆள் சொன்னா நம்புவா."

உண்மையைச் சொல்ல அதுதான் கடைசிச் சந்தர்ப்பம். அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்குத் தைரியம் வரவில்லை. அவளுக்காகத்தான் பொய் சொன்னேன் என்று பிறகு எத்தனையோ தடவை எனக்கு நானே சொல்லிப் பார்த்துவிட்டேன்; ஒட்டவில்லை. ஆபீஸ் பெயர் அச்சடித்த தாளை எடுத்து, அந்த ஊர் லண்டனிலிருந்து வெகு தொலைவு, போன அன்றே திரும்ப முடியாது என்று தமிழில் எழுதினேன்.

"எத்தனை மைல் எண்டும் போடுங்கோ தம்பி."

முந்நூறு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அது போதாதென்று ஆபீஸ் முத்திரையும் கேட்டாள். குத்திக் கொடுத்தேன்.