பொதுக்குழி

பள்ளி அருங்காட்சியகத்தின் கூரை ஒழுகியதால், தூரக் கடல் தீவுகளில் கிடைத்த புதைபடிவ எலும்புகளைப் பெட்டியோடு மாதா கோயில் சாமான் அறையில் வைத்திருந்தேன். பறக்கத் தெரியாத பறவைகள். மனிதன் கால் வைத்ததும் பூண்டோடு அழிந்தவை. அவை வாழ்ந்ததற்கு அந்த எலும்புகள்தான் சாட்சி.

மழை ஓய்ந்து போய்ப் பார்த்தால் பெட்டி காலி.

"கல்லறைத் திருநாளுக்காக அறையக் கூட்டுனேன் டீச்சர். சின்னச் சின்ன எலும்பாக் கெடந்துச்சு. பச்சப்புள்ளைகளாச்சேன்னு மனசு கேக்கல," என்றார் கோயில் வேலை பார்க்கும் மனுவேல்.

பழைய கல்லறைகளைத் தோண்டும்போது கிடைக்கும் எலும்புகளைப் போடுகிற பொதுக்குழியில், ஜெபம் சொல்லிக் கொட்டிவிட்டாராம். மேலே சுண்ணாம்பு வேறு. எட்டிப் பார்த்தேன். மழைத்தண்ணீரில் எல்லாம் ஒரே வெள்ளைக் கூழ். எதை என்று பொறுக்குவது?

"அது மனுஷ எலும்பில்லண்ணே, பூண்டோட அழிஞ்சுபோன பறவைங்க!" என்று கத்தினேன்.

அவர் முகம் செத்துவிட்டது. குழியோரத்தில் குனிந்தார்.

"அதுகளுக்குன்னு மெழுகுவத்தி ஏத்த சொந்தத்துல ஒரு உசுரு கூடவா மிச்சமில்ல?"

"உலகத்துல எங்கயுமே இல்ல."

"அப்ப நாமதான டீச்சர் செய்யணும்," என்று மெழுகுவத்தியைப் பற்றவைத்தார்.

மலைக்காற்று வீசியது. வேறென்ன செய்ய? சுடர் அணையாமல் கையைக் குவித்துப் பிடித்தேன்.