மூன்றாவது வாசல்

ஐஸ் பெட்டியின் கண்ணாடியில் படிந்த ஈரத்தை நித்யஸ்ரீ துப்பட்டாவால் துடைத்துக்கொண்டிருந்தபோது, மோகன்குமார் கண்ணை மறைத்து மாட்டுகிற வி.ஆர். ஹெட்செட்டைக் கொண்டுவந்து அவள் மடியில் வைத்தான். கூட வேலை செய்கிறவன். அவள்தான் போன் போட்டுக் கொண்டுவரச் சொல்லியிருந்தாள். கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு எழுந்தவன், "வாரேனுங்க" என்றான்.

"எழவூட்டுல வாரேன்னு சொல்லாத சாமி," என்று ராசம்மாள் அத்தை அதட்டினாள். "பேசாம எந்திரிச்சுப் போகோணும். சொன்னா, செத்துப்போனவிய கையோட கூட்டிட்டுப் போயிருவாங்க."

அவன் வாயை மூடிக்கொண்டு நழுவினான்.

பெட்டிக்குள் அப்பா வெள்ளியங்கிரி. காலையில் மாரடைப்பு. அதற்குச் சற்று முன்பு மகளுக்கு மூன்று தரம் போன் போட்டிருக்கிறார். அவள் சேலம் ஆபீசில் இதே ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு சங்ககிரிக் கோட்டையில் உலாவிக்கொண்டிருந்தாள். அந்தக் காலத்தில் கோட்டை எப்படி இருந்திருக்கும் என்று கம்ப்யூட்டரில் கட்டிக் காட்டுவது அவள் பிழைப்பு. எந்தக் காலத்திலோ செத்த சிப்பாய்களை எழுப்பி நடக்கவிட்டவள், பெற்றவரின் போனை எடுக்கவில்லை. நாலு மணிக்கு எடுத்துவிடுவார்கள். அதற்குள் அந்தக் குரலை ஒரே ஒரு தரம் கேட்டாக வேண்டும்.

தலைமாட்டில் அம்மா வசந்தாமணி, உயிர் போனதிலிருந்து ஒரு வார்த்தை பேசாமல் உட்கார்ந்திருந்தாள்.

அவள் கட்டிய கோட்டையில் மூன்றாவது வாசல் காவல்காரன் அப்பாதான். முகம், நடை, குரல் எல்லாம் அவரை ஆபீசுக்குக் கூட்டிப்போய்ப் பதிவு செய்தது. எழுதிக்கொடுத்த வசனம் வாயில் நுழையாமல், வீட்டில் அம்மாவைக் கூப்பிடுகிற மாதிரியே கூப்பிட்டுவிட்டார். எல்லாரும் சிரித்து, அதையே வைத்துக்கொண்டார்கள். பார்க்க வந்தவர் "வாரேன்" என்று சொன்னால்தான் கதவு திறக்கும். அந்த ஏற்பாடு நித்யஸ்ரீ செய்தது.

பதில் சொல்ல வேண்டாம், கேட்டால் போதும் என்று நினைத்தபடி, அம்மாவுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து மாட்டினாள்.

வெயில். கல்படி. வாசலில் அப்பா ஈட்டியோடு நின்றார். தாடையில் கட்டுத்துணி இல்லை.

"ஏம்புள்ள, வாரயா?"

அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். பதில் வராவிட்டால் மறுபடியும் கூப்பிடுவார். அதுவும் அவள் வைத்ததுதான்.

"ஏம்புள்ள, வாரயா?"

ஹெட்செட்டின் சின்ன ஸ்பீக்கரிலிருந்து குரல் வெளியே கசிந்தது. கூடத்தில் ஒப்பாரி சட்டென்று நின்றது.

மூன்றாம் தரம் அவர் வாயைத் திறப்பதற்குள், நித்யஸ்ரீயின் முதுகுக்குப் பின்னாலிருந்து, முப்பத்தைந்து வருஷப் பழக்கத்தில் அம்மாவின் குரல் வந்தது.

"இதா வாரேனுங்க."

"அய்யோ, வசந்தா!" என்று அத்தை அலறினாள்.

கதவு திறந்தது. திறந்ததும் காவல்காரன் வந்தவரின் கண்ணைப் பார்த்துச் சிரித்துவிட்டு முன்னால் படியேற வேண்டும். அப்படித்தான் அவள் செய்திருந்தாள். அப்பா அவளைப் பார்க்கவில்லை. அவள் தோளைத் தாண்டி, அம்மா உட்கார்ந்திருந்த பக்கம் பார்த்துச் சிரித்தார். படியேறவும் இல்லை. நின்றார்.

நித்யஸ்ரீ ஹெட்செட்டைப் பிடுங்கி எறிந்துவிட்டுத் திரும்பினாள். தலைமாட்டில் யாரும் இல்லை.

அம்மா வாசலில், துக்கத்துக்கு வந்தவர்களின் செருப்புக் குவியலுக்கு நடுவே குனிந்து, தன் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தாள்.