பூரானின் அரை விநாடி

காலை பத்து மணிக்கே மண்டபத்தில் எள் போட்டால் எள் விழாத கூட்டம். சனி, ஞாயிறு என இரண்டு நாள் அனிமே விழா, ஜப்பானியக் கார்ட்டூன் படங்களின் ரசிகர்கள் பாத்திர வேடம் போட்டு வந்து கூடுவது. வாசலில் ‘இறக்கை உள்ளவர்கள் பக்கவாட்டில் நுழையவும்’ என்று ஓர் அட்டை தொங்கியது. அதற்குக் கீழே ‘வாள் ஒரு மீட்டருக்கு மேல் இருந்தால் வெளியே விட்டு வரவும்’ என்று இன்னொன்று. இரண்டையும் எழுதியவன் பதிவு மேசையில் உட்கார்ந்து, வந்த அசுரர்களுக்கெல்லாம் கழுத்து அட்டை கொடுத்துக்கொண்டிருந்தான். வாரநாட்களில் ஒரு பரிசோதனைக்கூடத்தில் ரத்தக் குப்பிகளுக்கு எண் ஒட்டுவது அவன் வேலை. ரசிகர் வட்டாரத்தில் அவன் பெயர் வாத்தி.

பெயருக்குக் காரணம் இருந்தது. அவனும் இன்னும் இருவரும் சேர்ந்து ஆறு வருடமாக அனிமே படங்களுக்குத் தமிழில் சப்டைட்டில் போட்டு வந்தார்கள். மொழிபெயர்ப்பது கலெக்டர், விழாவையும் அவள்தான் நடத்துகிறாள், கேட்காதவர்களுக்கும் உத்தரவு போடுவாள். பிழை பார்ப்பது வாத்தி. நேரம் கட்டுவது பூரான். அதாவது, பாத்திரம் வாயைத் திறக்கும்போது வரி திரையில் வர வேண்டும், மூடும்போது போய்விட வேண்டும். நூறு கால் இருந்தும் ஒரு கால்கூடப் பிசகாமல் நடப்பவன் என்று கலெக்டர்தான் அவனுக்கு அந்தப் பெயரை வைத்தாள். பூரானை அவர்கள் இருவரும் நேரில் கண்டதில்லை. குரலைக்கூடக் கேட்டதில்லை.

அந்தப் பூரானுக்குத்தான் ஒரு வருடமாகக் கால் பிசகியிருந்தது. வாய் மூடிய பிறகும் ஒவ்வொரு வரியும் அரை விநாடி திரையில் நின்றது, வீட்டுக்குப் போக மனமில்லாத விருந்தாளி மாதிரி. வாத்தி திட்டினான், கெஞ்சினான், பட்டியல் போட்டான். கடைசியில், விழாவில் திரையிட முறையாக அனுமதி வாங்கிய படத்திலிருந்து அத்தனை அரை விநாடிகளையும் தானே நறுக்கியெறிந்துவிட்டு வியாழக்கிழமை குழுவில் அறிவித்தான்: ‘பூரானின் வால் வெட்டப்பட்டது. அடுத்த படத்துக்கு வேற ஆளைப் பார்த்துக்கறோம்.’ அதோடு விடாமல், மேடையில் கொடுப்பதற்காக ஒரு பொம்மை ஆமையை வாங்கி, அதன் ஓட்டில் ‘பூரானுக்கு’ என்று எழுதியும் வைத்திருந்தான். படம் நான்கு மணிக்கு.

இரண்டு மணிக்கு வரிசையில் ஒரு பெண் வந்து நின்றாள். நாற்பதை ஒட்டிய வயது. வேடம் எதுவும் இல்லை. அந்தக் கூட்டத்தில் அதுவே ஒரு வேடம் போல இருந்தது.

“பேரு?”

“பூரான்.”

வாத்தி நிமிர்ந்தான். “அவனோட அக்காவா? ஆறு வருஷமா மூஞ்சியே காட்டாமத் திரியறான். எங்க, தூணுக்குப் பின்னாடி ஒளிஞ்சிருக்கானா? வரச் சொல்லுங்க, அடிக்க மாட்டேன்.”

“நான் அவரோட வீட்டுக்காரி. அவர் வரல.”

“அதானே பார்த்தேன். செஞ்ச வேலைக்கு எந்த மூஞ்சியோட வருவான்?”

“அவர் தவறி அஞ்சு மாசம் ஆகுதுங்க.”

வரிசையில் பின்னாலிருந்து பூனைக்காது வைத்த ஒருவன் எட்டிப் பார்த்து, “அண்ணே, வரிசை நகருமா நகராதா?” என்றான். வாத்திக்கு அது காதில் விழுந்தது, ஏறவில்லை. அவன் வாயிலிருந்து, வரக்கூடாத வாக்கியமே முதலில் வந்தது.

“நேத்துகூட மெசேஜ் போட்டானே?”

“அது நான்.”

பக்கத்து மேசைக்காரியிடம் அட்டைகளைத் தள்ளிவிட்டு அவளைப் பின்னறைக்கு அழைத்துப் போனான். நாற்காலி அடுக்கும் அறை அது. இரண்டை எடுத்துப் போட்டான். அவள் உட்கார்ந்து, கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, ஒப்பித்துப் பழகி வந்தவள் போலச் சொன்னாள்.

போன வருடம் பக்கவாதத்தில் அவருக்கு வலப்பக்கம் முழுவதும் விழுந்துவிட்டது. பேச்சும் போனது. இடப்பக்கமும் தளர்ந்து, மிஞ்சியது இடக்கையில் ஒரு விரல். அவள் மடிக்கணினியைக் கட்டிலில் வைத்துப் படத்தை ஓட்டுவாள். வரி வந்ததும் அவர் விரல் போர்வையில் படியும். படித்து முடித்ததும் எழும். எழுந்த கணத்தில் அவள் விசையைத் தட்டுவாள், வரி அங்கே முடியும்.

“கண்ணும் கொஞ்சம் மெதுவாயிடுச்சு அவருக்கு. படிச்சு முடிக்க அரை விநாடி கூடுதலாத் தேவைப்பட்டுச்சு. நீங்க திட்டி எழுதறதையெல்லாம் வாசிச்சுக் காட்டுவேன். சிரிப்பாரு. பாதி வாய் சிரிக்கும்.”



“எங்ககிட்ட அப்பவே சொல்லியிருக்கலாமே?”

“சொல்லக்கூடாதுன்னுட்டாரு. வீட்டுக்கு வர்றவங்க எல்லாரும் அவர்கிட்ட குழந்தைகிட்ட பேசற மாதிரி பேசுவாங்க. நீங்க ரெண்டு பேருதான் மனுஷனாட்டம் திட்டிக்கிட்டிருந்தீங்க.”

“அப்புறமாவது...”

“சொல்லத்தான் உக்காந்தேன். காரியமெல்லாம் முடிஞ்சு மூணாம் நாள் காலைல ஃபோனைத் திறந்தா உங்க மெசேஜ் வந்திருக்கு. ‘டேய், செத்துட்டியா? ஃபைல் எங்க?’ன்னு.” அவள் குரலில் குற்றம் இல்லை. “அதுக்கு என்னங்க பதில் போடறது? ஆமாம்னா? அதான் ஃபைலை அனுப்பிட்டேன். அன்னையிலிருந்து நீங்க டேய் டேய்னு திட்டினது என்னைத்தான்.”

வாத்திக்கு எந்தக் குப்பியில் எந்த எண் என்பது நூறு பேரின் உயிர் சமாச்சாரம்; ஒருநாளும் மாற்றி ஒட்டியதில்லை. இங்கே அஞ்சு மாதமாக ஆளையே மாற்றி ஒட்டியிருந்தான். மன்னிப்புக் கேட்க நினைத்தான்; அவளுக்கு முன்னால் அது சில்லறையாகத் தெரிந்தது.

அவள் பையிலிருந்து ஒரு பென்டிரைவை எடுத்து நீட்டினாள்.

“இன்னைக்குப் போடற படத்துல நாற்பத்திரெண்டாவது நிமிஷம் வரைக்கும் அவர் விரல்தான். அதுக்கப்புறம் நானா, அதே பழக்கத்துல அடிச்சது. நீங்க எல்லாத்தையும் வெட்டிட்டேன்னு போட்டிருந்தீங்க. அந்த நாற்பத்திரெண்டு நிமிஷத்தை மட்டும் அவர் விட்டபடி ஓட்ட முடியுமா? ஒரே ஒரு தடவை. அதைக் கேக்கத்தான் வந்தேன்.”

“ஐயோ, முழுசாவே நீங்க அனுப்பினபடி ஓட்டிடறேங்க.”

“வேணாம்,” என்றாள் வெடுக்கென்று. “என்னோடது தப்பு. தப்பைத் தப்புன்னு சொல்லுங்க. பாவம்னு விட்டுட்டீங்கன்னா நான் எழுந்து போயிடுவேன்.”

வாத்தி இடுப்பிலிருந்த வாக்கிடாக்கியை எடுத்துக் கலெக்டரைக் கூப்பிட்டான்.

“படத்தோட சப்டைட்டில் ஃபைலை மாத்தணும். முதல் நாற்பத்திரெண்டு நிமிஷம் பூரானோட பழைய டைமிங்.”

“வெயில்ல நின்னியா?” என்றது கருவி. “ஒரே படத்துல ரெண்டு விதமா? இதை வேற எவனாவது கேட்டிருந்தா நீயே கடிச்சுக் குதறியிருப்ப. ஆமையை மேடைக்கு எப்ப அனுப்பற?”

அந்த அலைவரிசையில் முப்பது தொண்டர்கள் கேட்டுக்கொண்டிருந்தார்கள். “நேர்ல வா,” என்றான். “ஓடி வா.”

கலெக்டர் வெள்ளை இறக்கையோடு, தன் மண்டபத்து விதிப்படியே பக்கவாட்டில் நுழைந்தாள். வாத்தி நாலு வாக்கியத்தில் சொல்லி முடித்தான். கலெக்டர் உட்காரப் போனாள், இறக்கை விடவில்லை. அந்தப் பெண்ணின் தோளைத் தொடக் குனிந்தாள். இறக்கை நாற்காலி அடுக்கில் மாட்டிக்கொண்டது. அந்தப் பெண்ணே எழுந்து அதை விடுவித்துவிட்டாள். அப்போதுதான் கலெக்டருக்கு அழுகை வந்தது.

“இருபது நிமிஷம் தர்றேன்,” என்றாள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு. “தொழில்நுட்பக் கோளாறுன்னு சொல்லிக்கறேன். ஆமை?”

நாற்காலி அடுக்கின்மேல் வைத்திருந்த ஆமையை வாத்தி முதுகுக்குப் பின்னால் மறைக்கப் பார்த்தான். அந்தப் பெண் கை நீட்டினாள். “குடுங்க. அவருக்கு எழுதினதுதானே.” ஓட்டிலிருந்த எழுத்தைப் படித்துவிட்டுப் பையில் போட்டுக்கொண்டாள். “கையெழுத்து மோசம்,” என்றாள்.

ஒரு படத்தில் இரண்டு கோப்புகளை ஒட்டுவது பெரிய வித்தையில்லை. எந்த வரியோடு அவர் முடிகிறார் என்பதுதான் கேள்வி. வாத்தி படத்தை நகர்த்த, அவள் திரையைப் பார்த்தபடி இருந்தாள். மலையுச்சி வானிலை நிலையத்தில் வேலை செய்யும் ஒரு தகப்பன், பள்ளிக்குக் கிளம்பும் மகளிடம் “குடையை எடுத்துக்கிட்டியா?” என்று கேட்கிறான்.

“இதுதான்,” என்றாள். “இதுக்கு விரலை எடுத்தாரு. அப்புறம் தூக்கம் வருதுன்னு கண்ணைக் காட்டினாரு. மிச்சத்தை நாளைக்குப் பார்க்கலாம்னு மூடி வெச்சேன்.”

வாத்தி அந்த வரிக்குப் பின்னால் வெட்டினான்.

அரங்கத்தில் அவர்கள் கடைசி வரிசையில் உட்கார்ந்தார்கள். படம் ஓடியது. வரிகள் வந்தன, வாய்கள் மூடின, வரிகள் இன்னும் கொஞ்சம் நின்றுவிட்டுப் போயின. அவர்களுக்கு முன்னிருந்த வரிசையில் ஒருவன், “சப்டைட்டில் தூங்குதுடா,” என்றான். நேற்றுவரை வாத்தி அவனுக்குக் கைகொடுத்திருப்பான். இன்று எட்டி அவன் தோளைத் தட்டி, வாயில் விரல் வைத்துக் காட்டினான்.

திரை வெளிச்சத்தில் அவளுடைய இடக்கை தெரிந்தது. நாற்காலியின் கைப்பிடியில் ஒரு விரல் படிந்து எழுந்துகொண்டிருந்தது. அவள் திரையைப் பார்க்கவில்லை. விரல் எழும்போது வரி போயிற்று. ஒன்றுகூடப் பிசகவில்லை. நறுக்கியெறிவதற்காக அந்த வரிகளை வாத்தி எத்தனையோ முறை பார்த்திருந்தான். ஒருவர் மெதுவாகப் படித்து முடிப்பதை இப்போதுதான் பார்த்தான்.

தகப்பன் குடையைப் பற்றிக் கேட்டான். வரி நின்றது. விரல் எழுந்தது.

அடுத்த வரி, மகளின் பதில், வாய் மூடியதும் பட்டென்று மறைந்தது. அரங்கத்தில் யாரும் அசையவில்லை. அவள் கையை மடிக்கு இழுத்து மற்றக் கையால் பொத்திக்கொண்டாள். வாத்தி திரும்பிப் பார்க்காமல் இருக்கப் பிரயத்தனப்பட்டான். பக்கத்தில் மூச்சு ஒருமுறை உடைந்து, பிறகு சீரானது.

அரைமணி நேரம் போயிருக்கும். வால் வெட்டிய கையோடு வாத்தி தானே புதிதாக நேரம் கட்டிய காட்சி ஒன்றில், மகள் பேசத் தொடங்கிய பிறகு வரி வந்தது.

“இது லேட்,” என்றாள் அவள்.

“எது?”

“இப்ப வந்தது. கால் விநாடி.”

“இருக்காதுங்க.”

“இருக்கு.”

அடுத்த வரியும் பிந்தி வந்தது. வாத்தி சட்டைப்பையிலிருந்த தொண்டர் அட்டவணையை எடுத்து, அதன் பின்பக்கத்தில் நிமிடத்தைக் குறித்துக்கொண்டான்.

“படத்துல இன்னும் எத்தனை இருக்கோ,” என்றாள் அவள், திரையிலிருந்து கண்ணெடுக்காமல். “திங்கக்கிழமை முழு ஃபைலையும் எனக்கு அனுப்புங்க. பார்த்துட்டுச் சொல்றேன்.”

“சரிங்க,” என்றான் வாத்தி.