தரையிலிருந்து எழுந்திருப்பது

1

இந்தக் கதை ஒரு சிரிப்பில் பிறந்தது. சிரித்தவள் நான். முதல் வரைவில் அந்தச் சிரிப்பை வேறொருத்தியின் தலையில் கட்டியிருந்தேன். இங்கெர் என்று பெயர்கூட வைத்தேன். எங்கள் உடற்பயிற்சி வகுப்பில் அப்படி யாரும் இல்லை. அவள் பெயரை இங்கேயே அடித்துவிடுகிறேன்.

2

ஹாமார் நகரின் ஏரி உறைந்து கிடந்த ஒரு காலையில், பருத்த பெண்கள் சிலர்...

(சுற்றுலாக் கையேடு மாதிரி இருக்கிறது. வேண்டாம்.)

நேராகவே சொல்கிறேன். உடல் எடை கூடிய பெண்களுக்காக நகராட்சி நடத்தும் உடற்பயிற்சி வகுப்பு. செவ்வாய்தோறும் காலை பத்து மணிக்கு, பள்ளிக்கூடத்து விளையாட்டுக் கூடத்தில். இலையுதிர் காலத்தில் பத்தொன்பது பேர் சேர்ந்தோம். ஜனவரியில் பதினொரு பேர்தான் மிச்சம். அதில் தூருன் ஒருத்தி. ஐம்பத்தெட்டு வயது, தனியாக வசிப்பவள், பேருந்து ஓட்டுநர். அதுவரை ஒரு வகுப்பைக்கூடத் தவறவிட்டதில்லை.

அந்த மாதம் ஒரு செவ்வாய், பாயில் மல்லாந்து படுத்துக் காலைத் தூக்கும் பயிற்சி. முடிந்ததும் எல்லாரும் எழுந்தோம். தூருனால் முடியவில்லை. புரண்டாள், கையை ஊன்றினாள், மறுபடி சரிந்தாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நான் எழுந்துவிட்டேன் என்கிற நிம்மதியில் வந்த சிரிப்பு. (இந்த விளக்கத்தை நீங்கள் நம்ப வேண்டியதில்லை.) பயிற்சியாளர் மெரெட்டேயும் இன்னொருத்தியும் சேர்ந்து அவளைத் தூக்கி நிறுத்தினார்கள்.

அதன் பிறகு மூன்று செவ்வாய் அவள் வரவில்லை.

3

வரைவில், மெரெட்டே எழுதிய கடிதத்தைப் படித்துத் தூருன் அழுதபடி திரும்புகிறாள். உண்மையில் மெரெட்டே இரண்டு முறை தொலைபேசியில் கூப்பிட்டாள். சளி பிடித்திருக்கிறது என்றாள் தூருன். மூன்றாவது செவ்வாய்க்குப் பின் வந்த ஞாயிறு நான் அவள் வீட்டு மணியை அடித்தேன். சமையலறையில் வாஃபிள் அப்பம் சுட்டுக்கொண்டே, நான் சிரித்ததைச் சொல்லக் கேட்டாள்.

"நீ சிரிச்சியா? எனக்குக் காதுலயே விழலயே."

"அப்புறம் ஏன் வரல?"

"வீட்டுல விழுந்தா யாரு தூக்குவா? அன்னிலேருந்து இதே நெனப்பு. குளிக்கக்கூட பயமா இருக்கு."

மெரெட்டேயிடம் சொல்லியிருக்கலாமே என்றேன்.

"என்னன்னு சொல்ல? அம்பது பேர ஏத்திக்கிட்டுப் போறவளுக்கு எந்திரிக்கத் தெரியலன்னா?"

என் சிரிப்பு அவளை ஒன்றும் செய்யவில்லை. எழுதுகிறவளாக ஏமாற்றம்தான், கதையே அதன்மேல்தானே நின்றது. மனுஷியாக, அப்பாடா.

4

அவள் சம்மதத்தோடு மெரெட்டேயிடம் சொன்னேன். அடுத்த செவ்வாய் கூடம் முழுக்க நாற்காலிகள். அன்றைய பயிற்சி தரையிலிருந்து எழுந்திருப்பது மட்டும். ஒருக்களித்து, முழங்கையை ஊன்றி, மண்டியிட்டு, நாற்காலியைப் பிடித்து, ஒரு காலை முன்னே வைத்து. தூருனும் வந்திருந்தாள். பார்த்தால், இன்னும் ஐந்து பேருக்கு எழத் தெரியவில்லை. இத்தனை நாள் சுவரோரம் படுத்து, சுவரைப் பிடித்து எழுந்து சமாளித்திருக்கிறார்கள்.

மூன்றாம் முயற்சியில் தூருன் தானாக எழுந்தாள். யாரும் கைதட்டவில்லை. மெரெட்டே, "இன்னொரு தடவ" என்றாள். அன்று ஒன்பது தடவை எழுந்தாள். செய்தி எப்படியோ பரவி, விலகிப்போயிருந்த மூன்று பேர் அடுத்த வாரம் வந்தார்கள்.

5

இரண்டு முடிவுகள் எழுதித் தூருனிடம் படித்துக் காட்டினேன்.

முதலாவதில் அவள் இருபது கிலோ குறைகிறாள். "ஒரு கிலோகூட கொறையலடி. பொய் எழுதாத."

இரண்டாவதில் குளியலறையில் விழுந்து, தானே எழுகிறாள். "எதுக்கு என்னை விழ வைக்கிற?"

இரண்டையும் கிழித்துவிட்டேன். முடிவு இனி வாசிக்கிற உங்கள் பாடு. அவளை எங்கே வேண்டுமானாலும் கொண்டுபோங்கள். செவ்வாய் பத்து மணிக்கு மட்டும் கூடத்து வாசலில் இறக்கிவிடுங்கள்.