வேப்பெண்ணெய் பூசிய வாத்து

மனைவி செல்வம்மாள் போன பிறகு செல்லமுத்துவுக்கு விடியற்காலையில் வீட்டில் இருப்பு கொள்ளவில்லை. அவர் ஊர் அரியலூருக்குத் தெற்கே, ஏரியை ஒட்டி. மார்கழிப் பனியிலும் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு கரைக்குப் போய்விடுவார். இமயமலைக்கு அந்தப் பக்கமிருந்து வந்த பெரிய வாத்துகள், பின்தலையில் இரண்டு கறுப்புப் பட்டை போட்டவை, தண்ணீரில் மிதந்துகொண்டிருக்கும். பேச ஆளில்லாதவருக்கு, கண்ணுங்களா, பார்க்கவாவது ஒரு கூட்டம் வேண்டுமே.

ஒருநாள் கடலைக்காட்டு வேலியில் கட்டியிருந்த நைலான் வலையில் ஒரு வாத்து கால் சிக்கிக் கிடந்தது. நூல் சதையை அறுத்திருந்தது. வலையை வெட்டி, துண்டில் சுற்றி, வீட்டுக்குத் தூக்கி வந்தார். ஏரியைக் காவல் காக்கும் வாட்ச்சர் பிரேம்குமாருக்குப் போன் போட்டார். மறுநாள் காலையில் கால்நடை டாக்டரோடு வருவதாக அவன் சொன்னான்.

விடிந்து பார்த்தால், வாத்து உடம்பைப் பந்துபோலச் சிலிர்த்துக்கொண்டு, ஒற்றைக்காலில், அலகை முதுகில் செருகி நின்றது. கோழி அப்படி நின்றால் குளிர் கண்டுவிட்டது என்று செல்வம்மாள் வேப்பெண்ணெயில் மஞ்சளைக் குழைத்து, வெதுவெதுப்பாகத் தடவுவாள். இவரும் அதையே செய்தார். கோழியைவிடப் பெரிய உடம்பாயிற்றே என்று ஒரு கிண்ணம் எண்ணெயைத் தாராளமாகத் தேய்த்துவிட்டார்.

பிரேம்குமார் வந்து பார்த்ததும் தலையில் கை வைத்துக்கொண்டான்.

"அதுக்குக் குளுருதுன்னு யாரு பெரியப்பா சொன்னா?"

"சிலுத்துக்கிட்டு நின்னுச்சுடா. ஒத்தக்கால்ல வேற."

"சிலுத்துக்கிட்டாத்தான் எறகுக்குள்ள காத்து நிக்கும். அந்தக் காத்துதான் அதுக்குக் கம்பளி. கால்ல எறகு கெடையாது, அதான் ஒண்ண மடக்கி உள்ள வச்சுக்கும். நீங்க எண்ணெயப் போட்டுக் கம்பளியப் புடுங்கிட்டீங்க. பனிமலையத் தாண்டி வந்தத, அரும்பாவூர்ச் சந்தையில வாங்குன கோழின்னு நெனச்சிட்டீங்களா?"

இப்படியே தண்ணீரில் விட்டால் நனைந்து, விறைத்துச் செத்துவிடும் என்றார் டாக்டர். காலுக்கு மருந்து போட்டார். பாத்திரம் கழுவும் சோப்பை வெந்நீரில் கரைத்து இறகைக் கழுவச் சொன்னார். வனத்துறை ஆபீசில் கேட்டுவிட்டு, இறகு தேறும்வரை வாத்து செல்லமுத்து வீட்டிலேயே இருக்கட்டும் என்றார்கள். ஆனால் மாசி பிறந்தால் கூட்டம் கிளம்பிவிடும். அதற்குள் தேறாவிட்டால் இது தனியாகத்தான் நிற்க வேண்டும்.

வெந்நீர்ப் பதம் செல்லமுத்துவுக்குத் தெரியும். படுக்கையில் கிடந்தவளுக்குக் கடைசிவரை ஊற்றியவர். எண்ணெய் விடும்வரை கழுவினார். இப்போது வாத்து நிஜமாகவே நடுங்கியது. பல்பு போட்டு, சாக்கு விரித்து, பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார்.

நாளாக ஆக அது வாலடியில் அலகை வைத்து, தன் சொந்த எண்ணெயை எடுத்து, இறகு இறகாகக் கோதிக்கொண்டது. நெல்லும் அறுகம்புல்லும் தின்றது. அவர் உள்ளே வந்தால் கழுத்தை நீட்டி ஒரு சத்தம் கொடுக்கும். வெகுநாளைக்குப் பிறகு அந்த வீட்டில் அவர் வாய்விட்டுப் பேசினார். கடலை விலை, பஸ் நின்றுபோனது, மருமகள் போன் எடுக்காதது, எல்லாம் அதனிடம்தான்.

தை முடியும் சமயம் பிரேம்குமார் வந்தான். ஏரியில் பாதி வாத்து கிளம்பிவிட்டதாம்.

"எறகுல தண்ணி ஒட்டுதா பெரியப்பா? இன்னும் தேறலன்னா இங்கயே இருக்கட்டும், அடுத்த வருசம் பாப்போம்."

ஆமாம், ஒட்டுகிறது என்று சொல்லிவிட்டால் போதும். இந்த வீட்டில் இன்னும் ஒரு வருடம் சத்தம் இருக்கும். செல்லமுத்து சொம்புத் தண்ணீரைக் கையில் அள்ளினார். வாத்தின் முதுகில் தெளித்தார். தண்ணீர் முத்து முத்தாக உருண்டு தரையில் விழுந்தது.

"போன வாரத்துலேருந்தே ஒட்டல பிரேமு," என்றார். "நாந்தான் சொல்லல."

பிரேம்குமார் வண்டியைத் திருப்பி நிறுத்தினான்.

கரையில் இறக்கிவிட்டதும் வாத்து திரும்பிப் பார்க்கவில்லை. தண்ணீரில் இறங்கி, நனையாமல் மிதந்து, நேராகக் கூட்டத்துக்குள் போய்ச் சேர்ந்தது.

"நம்மது எது பெரியப்பா?"

செல்லமுத்து கையை நீட்டி ஒன்றைக் காட்டினார். பிறகு வேறொன்றைக் காட்டினார். கையை இறக்கிக்கொண்டார்.

மாசி பிறந்து அவர் போனபோது ஏரியில் எப்போதும் அங்கேயே இருக்கும் நாமக்கோழிகள் மட்டும் மேய்ந்துகொண்டிருந்தன. நின்று பார்த்துவிட்டு, கரையோரம் உட்கார்ந்தார்.