ஏழு பிரிண்டர்களும் சந்தனமாரியின் குரலும்

2001ஆம் வருஷம் சித்திரை மாதத்திலிருந்து கோவில்பட்டி எட்டயபுரம் ரோட்டில் சந்தனமாரி குரல் கொடுத்தால் பிரிண்டர்கள் அச்சடித்தன. அதற்கு முன் ஆறு வருஷம் தீப்பெட்டி ஆபீஸில் கட்டையில் குச்சி அடுக்கிக்கொண்டிருந்தவள், சொந்தமாகக் கம்ப்யூட்டர் சென்டர் திறந்து, மூடிப்போன ஒரு கம்பெனியின் ஏலத்தில் ஏழு பிரிண்டர்கள் எடுத்திருந்தாள். ஏழும் ஏழு கம்பெனி. ஒன்றுக்கும் கம்ப்யூட்டரோடு பேசவைக்கிற டிரைவர் சிடி இல்லை. மாட்டினால் பச்சை விளக்கை எரியவிட்டுக் கல்லுப்பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருந்தன. ஆடிக்குள் கடை ஓடாவிட்டால் மறுபடியும் தீப்பெட்டி ஆபீஸ்தான். அங்கே இனிக் கால் வைப்பதில்லை என்று அவள் சொல்லிவிட்டாள், சொன்னால் சொன்னதுதான்.

பார்க்க வந்த மெக்கானிக் ஜெயகிருஷ்ணன் கையை விரித்தான். "ஒவ்வொரு கம்பெனிக்காரனும் வயித்துக்குள்ள வேற வேற மாதிரி செஞ்சிருக்கான்க்கா. என்ன செஞ்சிருக்கான்னு அடுத்தவனுக்குச் சொல்லவும் மாட்டான். அவன் குடுக்குற டிரைவர் பேசுனாத்தான் இதுக்குப் புரியும். எல்லாத்துக்கும் பொதுவா ஒண்ணு கிடையாது. பழைய இரும்புக்குப் போட்டுருங்க."

சந்தனமாரி பசுவந்தனைப் பக்கம் ஆடு மேய்க்கிற வீட்டில் பிறந்தவள். கிடையில் நாலு பேர் ஆடுகள் கலந்து படுத்திருக்கும்; விடிந்ததும் அவனவன் குரல் கொடுத்தால் அவனவன் ஆடு பிரிந்து வரும். சந்தையில் வாங்கிய ஆடு மட்டும் வராது. அது பழகிய குரல் அகப்படும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்து மாற்றி மாற்றிக் கூப்பிட வேண்டும். அதைத்தான் இவளும் செய்தாள். முதல் பிரிண்டர் ஒன்பதாம் நாள், நாக்கை மேலண்ணத்தில் தட்டியபோது காகிதத்தை இழுத்தது. இரண்டாவதற்கு அடித்தொண்டை முனகல், மூன்றாவதற்குச் சீட்டி. மூன்று மாதத்தில் ஏழு குரலும் கைவசமாயின.

பிறகுதான் புத்தி கெட்டது. தொண்டை வலிக்கிறதே என்று ஏழுக்கும் பொதுவாக ஒரு குரல் கட்டினாள். ஏழும் ஒன்றாக அச்சடித்தன. புருஷன் இசக்கிமுருகன் தெருவுக்கே மிட்டாய் கொடுத்தான். ஆனால் வேகமான பிரிண்டர் மந்தமானதின் வேகத்துக்கு இறங்கியது, அகலத்தாள் பிரிண்டர் ஒடுங்கியது. கலர் பிரிண்டரின் டப்பாவில் மஞ்சள் மையும் சிவப்பு மையும் கருத்தே போயின. அந்த வாரம் பார்த்துத் தீப்பெட்டி முதலாளி வேணுகோபால் முதல் லேபிள் ஆர்டரோடு வந்தார். மாதிரியைப் பார்த்துச் சிரித்தார். "கருமாதிப் பத்திரிகையா அடிச்சிருக்க? வெள்ளிக்கிழமை வாரேன். அப்பவும் இப்படின்னா சிவகாசிக்குப் போயிருவேன்."

"ஏழுக்கும் பொதுவாத் தெரிஞ்சத மட்டுந்தான் செய்யுதுங்க. அததுக்குன்னு இருந்த வித்தைய நாந்தான் மறக்க வச்சிட்டேன்" என்றாள் சந்தனமாரி. பொதுக்குரலை அன்றோடு விட்டாள். கலர் பிரிண்டர் முன்னால் மூன்று நாள் உட்கார்ந்து அதன் சொந்தக் குரலில் கூப்பிட்டாள். கோபித்துக்கொண்ட ஆடு மாதிரி அது விளக்கைக்கூட எரியவிடவில்லை. குரல் கம்மி, காற்றுதான் வந்தது, நிறுத்தவில்லை. வெள்ளிக்கிழமை காலையில் ஒரு மஞ்சள் கோடு வந்தது, பின்னாலேயே சிவப்பு. சந்தனமாரி வாய்விட்டு அழுதாள். வேணுகோபால் லேபிளை விரலால் தேய்த்துப் பார்த்துவிட்டு, மாதாமாதம் அடிக்கச் சொல்லிப் போனார்.

தை மாதம் இன்னொரு ஏலத்தில் எட்டாவது பிரிண்டர் வந்தது, இதற்கும் சிடி இல்லை. கலர் பிரிண்டர் செய்த அதே கம்பெனி. ஆனால் கலர் பிரிண்டரின் குரலுக்கு இது அசையவில்லை.

"ஏட்டி, ஒரு தாய் பிள்ளைகதான? இதுக்குமா வேற குரல்?" என்றான் இசக்கிமுருகன்.

"ஆமா. நீங்க கடையப் பாத்துக்கிடுங்க" என்று சொல்லி, பிரிண்டருக்குப் பக்கத்தில் பாயை விரித்து உட்கார்ந்தாள்.